இரண்டு நாள் பூட்டு

மேனேஜர் இருந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. போன் வந்தால் வெளியே போக அதுதான் வசதி.

மேடம் இருந்தார். புதுப் புரோகிராம் எழுத வந்த டீமுக்கு அவர்தான் லீடர். பர்கூர் காலேஜில் படித்தவர். சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் டீமில் இரண்டு இன்ஜினியர்கள். ஒருவர் கன்னடக்காரர், ஆனேக்கல் பக்கம். தினமும் எல்லை தாண்டி பைக்கில் வருவார். இன்னொருவர் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு. இரண்டு பேரும் இருந்தார்கள்.

அண்ணன் இருந்தார். பழைய புரோகிராமை எழுதியவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அண்ணன். கையில் பேனா வைத்திருந்தார். மூடியைத் திறக்கவில்லை.

நான் இருந்தேன். ஸ்டோர் கீப்பர். எட்டாவது வரை படித்தவன்.

ஆறு பேர். அன்று கூட்ட அறையில் கேட்டது முப்பத்தோராவது கேள்வி. கேட்டது அண்ணனை. பதில் சொன்னது நான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஸ்டோரில் எழுதுவது சரக்கின் பெயர், எண்ணிக்கை, தேதி. அவ்வளவுதான். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி ஓசூர் தொழிற்பேட்டையில் கடைசித் தெருவில் இருக்கிறது. லாரிக்கும் வேனுக்கும் போல்ட், பின், பிராக்கெட் செய்து அனுப்புகிறோம். நான் காவேரிப்பட்டினத்தில் இருந்து வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் எனக்குப் பிறகு சேர்ந்தார். சாமல்பட்டிக்காரர். வயதில் என்னைவிட மூன்று வருஷம் மூத்தவர். எலெக்ட்ரிக்கல் வேலைக்குத்தான் வந்தார். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

சரக்கு உள்ளே வருவது, வெளிப்பட்டறைக்குப் போவது, திரும்பி வருவது, சோதனை, அனுப்புவது, பில். எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் எழுதினார். பதினாலு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். யாராவது வந்து இப்படி வேண்டும் என்று கேட்டால் அன்று சாயங்காலமே சேர்த்துவிடுவார். பேப்பரில் ஒன்றும் கிடையாது. கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பில் அச்சடிக்கிற இடத்தில் ஒரு வரியை மாற்றினால் என் ஸ்டோரில் எடை தப்பாக வரும். எடையைச் சரி செய்தால் சோதனைச் சீட்டு வராது. அவரால் மட்டும்தான் அதைச் சமாளிக்க முடியும். அவர் ஒரு வாரம் லீவு போட்டால் ஆபீஸில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள்.

புது டீம் வருகிறது என்றபோது அவர் வருத்தப்படவில்லை.

"வரட்டும் ஸ்டோரு. நான் ஒருத்தன் எத்தினி நாளைக்குக் கட்டி இழுக்கறது?"

என்னை ஸ்டோரு என்றுதான் கூப்பிடுவார்.

மேடம் முதல் நாளே என்னையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார். புரோகிராமை அதிக வருஷம் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டிருக்கிறார். என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கலர் சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை. மின்விசிறி போட்டால் சீட்டெல்லாம் பறந்தது. சுவரில் இருந்த பலகை இரும்புத்தகடு. நான் ஸ்டோரில் இருந்து உடைந்த காந்தத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கே எனக்கு நன்றி சொன்னார்கள்.

பழையது ஒரே வீடு, அதைத் தனித்தனி வீடாகப் பிரிக்கப் போகிறோம் என்றார் மேடம். ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குள் புகுந்து பாத்திரத்தைத் தொடக்கூடாது. வாசலில் நின்று கேட்க வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

"ஸ்டோரு ஜன்னல் மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணா?"

"எங்க ஸ்டோருக்குள்ள யாரையும் வுட மாட்டேன். மேனேஜரா இருந்தாலும் சரி. ஜன்னல்ல சீட்டு குடுக்கணும். நான் எடுத்துக் குடுப்பேன். உள்ள எந்த ரேக்குல எது இருக்குதுன்னு அவங்களுக்கு எதுக்கு?"

மேடம் இரண்டு இன்ஜினியர்களையும் பார்த்தார். "கேட்டீங்களா? இதத்தான் நாம நாலு வருஷம் பணம் கட்டிப் படிச்சோம்."

"அண்ணாவ நம்ம டீம்ல சேத்துக்கலாம் மேடம். எனக்கு ஸ்டோரு வேல குடுங்க, அங்க ஃபேனாவது நல்லா சுத்துது" என்றார் கன்னடக்காரர்.

அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார். அவருக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. தினமும் ஒன்பதே காலுக்கு எல்லோரும் வட்டமாக நிற்போம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன, எது தடுக்கிறது. ஆளுக்கு ஒரு நிமிஷம். நின்றால் சீக்கிரம் முடியும் என்று அப்படி ஒரு வழக்கமாம். நான் ஒவ்வொரு நாளும் "ஸ்டோரு நல்லா இருக்குதுங்க" என்று சொல்வேன். அதற்கு ஒரு சிரிப்பு எழும்.

அந்த டீமுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. பழைய புரோகிராமைப் படித்துக்கொண்டே வருவார்கள். ஏன் இருக்கிறது என்று புரியாத விதி எது வந்தாலும் அதற்கு ஒரு தாள் போடுவார்கள். தாளில் மூன்று கேள்வி. இங்கே என்ன இருக்கிறது. ஏன் இருக்கிறது. எடுத்துவிட்டால் என்ன ஆகும். கீழே, இதைச் சொன்னவர் யார். தாளுக்கு நம்பர் உண்டு.

"புரோகிராமப் பாத்தா என்ன செய்யுதுன்னு தெரிஞ்சிரும்ணா. ஏன் செய்யுதுன்னு தெரியாது. நாங்க போயிருவோம். நீங்களும் ஒரு நாள் போயிருவீங்க. இந்தத் தாளு இருக்கணும்" என்றார் மேடம்.

முதல் பத்துத் தாளுக்கு அண்ணன் கடகடவென்று சொன்னார். எந்த வருஷம், யார் கேட்டது, என்ன தகராறு, எல்லாம் சொன்னார். சொல்லும்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்.

அதற்கு முன்பே எனக்குச் சில விஷயங்கள் கண்ணில் பட்டிருந்தன. டிபன் பாக்ஸை என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார். பிறகு வந்து காணோம் என்பார். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்டார். பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வயசு என்று நினைத்தேன். அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி கேட்டில் வந்து என்னைக் கூப்பிட்டார். அண்ணனைக் கூப்பிடவில்லை.

"உங்க அண்ணனுக்கு மறதி வந்துருக்குதுங்க. பெங்களூருல காட்டினோம். தலையெல்லாம் படம் புடிச்சிப் பாத்தாங்க. இது கொறையாதாம். ஏறிக்கினேதான் போவுமாம்."

"அண்ணனுக்குத் தெரியுங்களா?"

"டாக்டர் சொன்னாருங்க. மறந்துட்டாரு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அப்படியே சொன்னார்.

"வேலைக்கு வர்ற வரைக்கும் அவுரு அவுராத்தான் இருக்காரு. லீவு நாளு ரெண்டு சேந்து வந்தாலே வூட்ல வேற ஆளா ஆயிடறாரு. வூட்ல உக்கார வெச்சா ஒரு மாசத்துல அவுரு இருக்க மாட்டாருங்க. யாருக்கும் தெரிய வேணாம். நீங்க கூட இருந்து பாத்துக்குங்க."

சரிங்க அண்ணி என்றேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சரிதான் ஆரம்பம்.

நாளைக்குக் கேட்கப் போகும் தாள்களை மேடம் முதல் நாள் மத்தியானமே பலகையில் மாட்டிவிடுவார். எல்லோரும் யோசித்துவிட்டு வரட்டும் என்று. நான் அதைப் பார்த்து வைத்துக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் நானும் அண்ணனும் ஸ்டோரில் பிராக்கெட் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்பேன்.

"ஏண்ணே, அந்த மூணாம் நம்பர் கேட்ல குடுக்கற சீட்டு எதுக்கு ரெண்டு காப்பி வருது?"

நல்ல நேரமாக இருந்தால் சொல்லுவார். மறுநாள் கூட்டத்தில் அவர் திணறினால் நான் எடுத்துக் கொடுப்பேன். "அண்ணன் நேத்து சொன்னாருங்க, இதுக்குத்தான்னு." அவர் தலையாட்டுவார். தாளில் அவர் பெயர் ஏறும். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்புறம் சாப்பிடும்போதும் வராமல் போனது. "தெரிலயே ஸ்டோரு. நானா எழுதுனேன்?" என்பார். நான் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் இருந்தவன். என்ன நடந்திருக்கும் என்று எனக்கே பாதி தெரியும். மீதியை யோசித்துச் சொன்னேன். ஆரம்பம் மட்டும் மாற்றவில்லை. "அண்ணன் அன்னைக்கே சொன்னாருங்க."

எல்லாம் சரியாகவே போனது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. மேனேஜருக்கு வேறு சந்தேகம் இருந்தது. ஒரு நாள் அண்ணன் பதில் சொல்லாமல் இருந்தபோது, எல்லோர் எதிரிலும் சொன்னார்.

"சாவிய மடியில கட்டி வெச்சிருந்தாத்தான் மரியாதன்னு நெனைக்கறாரு போல. சொல்லுங்க சார், உங்கள ஒண்ணும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். அன்று முதல் நான் இன்னும் வேகமாகப் பதில் சொன்னேன்.

முப்பத்தோராவது தாளைக் கூட்டத்தன்று காலையில்தான் மாட்டினார்கள். முதல் நாள் பார்க்க வழியில்லை.

எங்கள் போல்ட்டுகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க முலாம் பூச வேண்டும். பிளேட்டிங் என்போம். வெளிப்பட்டறையில் செய்து வாங்குவோம். கன்னடக்காரர் பழைய புரோகிராமைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

"சார், பிளேட்டிங் போயிட்டு வர்ற போல்ட்டு. ஒரே ஒரு சைஸு மட்டும் ரெண்டு நாள் பூட்டு விழுது. யாரு கேட்டாலும் நாப்பத்தெட்டு மணி நேரம் வெளிய விடாது. ஏன் சார்?"

அந்த இடத்தில் அண்ணன் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பாகலூர்க்காரர் அதை உரக்கப் படித்தார்.

"தொடாதே. என்னைக் கேட்டுட்டு தொடு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"கேக்கறோம்ல அண்ணா? இப்ப சொல்லுங்க" என்றார் பாகலூர்க்காரர்.

அண்ணன் சுவரைப் பார்த்தார். "ரெண்டு நாளு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு ரோஜுலு" என்றார். அவர் வீட்டிலும் தெலுங்குதான். ஆனால் கம்பெனியில் பேசி நான் கேட்டதில்லை. இந்த ஒரு மாதமாகத்தான் எண்ணிக்கை தெலுங்கில் வர ஆரம்பித்திருந்தது.

"அவுனு அண்ணா, ரெண்டு ரோஜுலு. எந்துக்கு?" ஏன் என்று பாகலூர்க்காரர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

அண்ணனுக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மேனேஜர் போனைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் சொன்னேன்.

"செக்போஸ்ட்டுக்காகங்க. அண்ணன் அன்னைக்கே சொன்னாரு. அந்த சைஸுக்குப் பட்டறை அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்குது, கர்நாடகாவுல. அப்பல்லாம் ஜூஜூவாடி செக்போஸ்ட்டுல பேப்பர்ல முத்திர வாங்கணும். சரக்கு முன்னாடி வந்துரும். பேப்பரு ரெண்டு நாள் கழிச்சு வரும். பேப்பரு வர்றதுக்குள்ள சரக்க வெளிய வுட்டுட்டா மாட்டிக்குவோம். அதுக்குத்தான் பூட்டு."

மேடம் கேட்டார். "அப்ப ஏன்ணா ஒரு சைஸுக்கு மட்டும்?"

"மத்த சைஸெல்லாம் இங்கயே ஓசூர்லதாங்க பூசறாங்க. எல்லை தாண்டறது அது ஒண்ணுதான்."

அது உண்மை. பேப்பர் தாமதமாக வந்ததும் உண்மை. அந்தப் பேப்பருக்காக நானே ஜூஜூவாடியில் லாரிகளுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். எல்லாம் பொருந்தியது. சொல்லி முடித்தபோது எனக்கே அதுதான் காரணம் என்று பட்டது.

"இப்ப செக்போஸ்ட்டே இல்ல. அப்ப இது பேடா" என்றார் கன்னடக்காரர். வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

மேடம் அண்ணனிடம் திரும்பினார். "சார், சரிதானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா. அதான்."

மேடம் எழுதினார். ஏன் இருக்கிறது: செக்போஸ்ட் காகிதத் தாமதம். எடுத்துவிட்டால் என்ன ஆகும்: ஒன்றும் ஆகாது. சொன்னவர்: அண்ணன் பெயர்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் எப்பய்யா அத சொன்னேன்?"

"போன வாரம்ணே. சாப்புடறப்ப."

"அப்டியா. நல்லவேள, நீ ஞாபகம் வெச்சிருந்த."

புதுப் புரோகிராம் தயாரானதும் பழையதை உடனே நிறுத்தவில்லை. ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டினார்கள். ஒரே சரக்கு இரண்டிலும் ஏறும். இரண்டும் ஒரே பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் காலையில் அச்சடித்து அந்தந்தப் பிரிவுக்குக் கொடுப்பார்கள். அது கோளாறா, தெரிந்தே மாற்றியதா என்று பார்த்துக் குறி போட வேண்டும். நல்ல வழக்கம். பல தப்புகள் அதில் மாட்டின.

ஸ்டோர் பட்டியல் எனக்கு வரும். அதில் அந்த போல்ட் வராத வாரம் இல்லை. புதியது சொல்லும்: கொடுக்கலாம். பழையது சொல்லும்: பொறு. நான் முப்பத்தோராம் தாளைப் பார்த்துவிட்டு, தெரிந்தே மாற்றியது என்று குறி போடுவேன். ஒரு மாதமும் என் கையால்தான் குறி போட்டேன். அவர் எழுதி வைத்தது வாராவாரம் பொறு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மாதக் கடைசியில் பழையதை நிறுத்தினார்கள். அண்ணன் கையால் நிறுத்தட்டும் என்று மேடம் சொன்னார். லட்டு வாங்கியிருந்தார்கள். அண்ணன் பட்டனை அழுத்தினார். திரை கறுப்பானது.

"முடிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"ஆயித்து சார்" என்றார் கன்னடக்காரர்.

அண்ணன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும்போதும் அது கையில் இருந்தது.

ஆறு வாரம் போனது. போல்ட் வாங்கும் கம்பெனியில் இருந்து மேனேஜருக்கு போன் வந்தது. வண்டியில் பூட்டி இறுக்கி வைத்த போல்ட். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தலை தனியாகக் கீழே கிடக்கிறது. ஒன்று இல்லை, பல. யாருக்கும் அடிபடவில்லை. வண்டி வெளியே போவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பெட்டி பெட்டியாக என் ஸ்டோர் வாசலில் இறக்கினார்கள்.

மேடம் பல பேரிடம் கேட்டார். கடைசியில், ரிட்டயர் ஆன குவாலிட்டி சார் நம்பரைத் தேடிப் பிடித்தார். என் ஜன்னலில் வைத்துத்தான் பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த ஒரு சைஸு மட்டும் ரொம்பக் கெட்டியான எஃகும்மா. முலாம் பூசுன ஒடனே பாத்தா நல்லாத்தான் இருக்கும். விரிசல் உள்ள இருந்து மெதுவா வரும். ரெண்டு நாள் சும்மா வெச்சிருந்து, அப்பறம் இறுக்கிப் பாத்துட்டுத்தான் அனுப்பணும். பல வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி தல தெறிச்சிச்சு. ரெண்டு நாள் விட்டாத்தான் கெட்டது தெரியுதுன்னு நானும் புரோகிராம் எழுதுனவனும் உக்காந்து போட்ட பூட்டு அது. அத ஏன் எடுத்தீங்க? அவன கேட்டிருந்தா சொல்லியிருப்பானே."

மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன். அந்தக் காலத்திலும் அந்த போல்ட்டுகளை ஜன்னலில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஏன் இரண்டு நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே அறை. அதே ஆறு பேர். முப்பத்தோராம் தாளை மேனேஜர் மேஜையில் வைத்தார். சொன்னவர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"சார், இது நீங்க சொன்னதுதானா?"

அண்ணன் தாளை எடுத்து வாசித்தார். மெதுவாக வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"எம் பேருதான் இருக்குது. நாந்தான் சொல்லியிருக்கேன்."

"பூட்ட போட்டதும் நீங்க. காரணத்த மாத்திச் சொன்னதும் நீங்களா? வேணும்னே சொன்னீங்களா?"

"தெரிலீங்க சார். சொல்லியிருக்கேன்."

நான் எழுந்தேன். "சார், அவுரு சொல்லல. நான் சொன்னது. நானா யோசிச்சுச் சொன்னது."

"ஸ்டோரு, உக்காருங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புடறவங்கன்னு எனக்குத் தெரியும்."

"இல்லீங்க சார். உண்மையாத்தான் சொல்றேன். அவுரு எங்கிட்ட சொல்லவே இல்ல."

"அன்னைக்கு அண்ணன் சொன்னாருன்னு சொன்னீங்க. இன்னைக்கு சொல்லலங்கறீங்க. எத நம்பறது?"

அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வுடு ஸ்டோரு. எனக்காவ நீ மாட்டிக்காத." மேனேஜரிடம் திரும்பினார். "அவன் அப்டித்தாங்க சார். என்ன வுட்டுக் குடுக்க மாட்டான்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. என் மேல் பிரியம்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் மறுபடி எழவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கத்தவில்லை. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கள் என்று சொன்னார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் அவர் பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். ஒரு டெஸ்டர், ஒரு கண்ணாடிக்கூடு, இரண்டு டிபன் பாக்ஸ். கேட்டுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தார். பையை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

மேடத்திடம் மறுநாள் எல்லாம் சொன்னேன். மறதி, பெங்களூர் டாக்டர், நான் அண்ணிக்குச் சொன்ன சரி.

"சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார். "தெரியலைன்னு ஒரு தாள்ல எழுதறது தப்பே இல்லண்ணா. தெரியலைன்னு இருந்தா நாங்க பூட்ட எடுத்திருக்க மாட்டோம்."

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தளி ரோட்டில் வாடகை வீடு. முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஷூ போட்டிருந்தார். இரும்பு முனை வைத்த ஷூ.

"தெனமும் காலைல போட்டுக்கறாரு. கழட்ட வுட மாட்டேங்கறாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம்தான் கழட்டறது" என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். யார் என்று தெரிந்த சிரிப்பா, வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"பஸ் வந்துருச்சா?" என்று கேட்டார். வண்டி வாங்குவதற்கு முன்பு கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்.

"இன்னும் இல்லண்ணே."

"வந்தா சொல்லு."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இன்னும் இல்லை என்றேன். அண்ணி டீ கொண்டுவந்தார். அன்றைக்குக் கேட்டில் சொன்னதை அவரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். கிளம்பும்போது அண்ணன் எழுந்து என்னோடு வாசல் வரை வந்தார். ஷூ சத்தம் கேட்டது. தெருவில் பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வட்டத்தில் நின்றோம். ஐந்து பேர். என் முறை வந்தது. ஸ்டோரு நல்லா இருக்குதுங்க என்று நான் சொல்லவில்லை.

"மேடம், அந்தத் தாளெல்லாம் ஒரு தடவ குடுங்க. நான் சொன்னது எதெதுன்னு குறி போட்டுத் தரேன். இன்னொண்ணு இந்த மாதிரி இருந்தா?"

மேனேஜர் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்லவில்லை.

மேடம் கட்டோடு கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சிவப்புப் பேனா. ஸ்டோரில் என் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாத் தாளிலும் கீழே அவர் பெயர்தான். அவர் சாப்பிடும்போது சொன்னது எது, கூட்டத்தில் தானாகச் சொன்னது எது, நான் யோசித்துச் சொன்னது எது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்று கூட மறக்கவில்லை. நான் சொன்னதில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ஏன் இருக்கிறது என்ற இடத்தில், தெரியாது என்று எழுதினேன்.

மத்தியானம் கன்னடக்காரர் ஜன்னலுக்கு வந்தார். சீட்டு கேட்கவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "எஷ்டு அண்ணா?" என்றார். எத்தனை என்று கேட்டார்.

எண்ணினேன். சரக்கு எண்ணுவது போல இரண்டு தடவை எண்ணினேன்.

மொத்தம் நாற்பத்தேழு.

அண்ணன் சொன்னது இருபத்தெட்டு.

நான் சொன்னது பத்தொன்பது.